டபுளை எதற்குச் செலவழிப்பது? 1 நோ டிரம்ப்புக்கு எதிராக ஒரு கன்வென்ஷன் தேடிய கதை

சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரிக் கேண்டீனிலோ தேசிய சேவை முகாமிலோ சீட்டுப் பிடித்தவர்களிடம் 'பிரிட்ஜ்' என்று சொன்னால் அவர்கள் நினைப்பது ஃப்ளோட்டிங் பிரிட்ஜைத்தான். யார் நம் பார்ட்னர் என்றே தெரியாமல் ஏலம் போகும். ஏலத்தை எடுத்தவர் 'ஆட்டின் ஏஸ்' என்று ஒரு சீட்டைக் கூப்பிடுவார். அது யார் கையில் இருக்கிறதோ அவர் கமுக்கமாகப் பார்ட்னராகிவிடுவார். கை படுமோசமாக வந்தால் 'வாஷ்' என்று சொல்லி மறுபடி கலைக்கச் சொல்லலாம். அங்கே 2 இஸ்பேடு என்றால் இஸ்பேடு துருப்பு, 8 பிடி எடுப்பேன் என்று அர்த்தம். வேறு அர்த்தம் கிடையாது.

நானும் அந்தப் பள்ளியில் படித்தவன்தான். அதனால் காண்ட்ராக்ட் பிரிட்ஜுக்கு வந்த புதிதில், "2 கிளாவர்னா கிளாவர் இல்ல தம்பி, இஸ்பேடும் ஆட்டினும்" என்று என் பார்ட்னர் சொன்னபோது, பின்னே எதற்குக் கிளாவர் என்று சொல்ல வேண்டும் என்றுதான் தோன்றியது. அவர் ஓய்வு பெற்றவர், என்னைவிட இருபது வயது மூத்தவர், எனக்கு அண்ணன். வீட்டில் முந்நூற்று நாலு ஆடி வளர்ந்தவர். அந்த ஆட்டத்தில் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு வெறும் 11. பிரிட்ஜில் ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக்கி 1 என்ற கணக்குக்கு மனத்தை மாற்றிக்கொள்ளத் தனக்கு ஒரு வருடம் பிடித்தது என்பார். இன்றைக்கும் கையில் இரண்டு ஜாக்கி வந்தால் அவர் முகத்தில் ஒரு பிரகாசம் தெரியும்.

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் முதல்முறையாகச் சேர்க்கப்பட்டு, ஆண்கள் குழுப் போட்டியில் சிங்கப்பூர் தங்கம் வாங்கிய பிறகு, இந்த 'இன்னொரு பிரிட்ஜ்' பற்றி என்னிடம் கேட்கிறவர்கள் கூடினார்கள். கற்றுக்கொள்ள வந்தவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் இடங்களில் ஒன்று, எதிராளி 1 நோ டிரம்ப் (துருப்பே இல்லாமல் 7 பிடி) என்று ஆரம்பிக்கும்போது என்ன சொல்வது என்பது. அதற்கென்று லாண்டி, கப்பெல்லெட்டி, டோன்ட், வுல்சி, பிரோசெல், ஆஸ்ட்ரோ என்று கன்வென்ஷன்கள், அதாவது ஏலச் சொல்லுக்கு வேறு அர்த்தம் வைத்துக்கொள்கிற ஒப்பந்தங்கள், வரிசைகட்டி நிற்கின்றன. எது நல்லது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். கேள்வியை நான் வேறு மாதிரிதான் கேட்பேன்: 'உன் ஏலம் தோற்கும்' என்று பந்தயத்தை ஏற்றுகிற டபுள் என்ற ஒற்றைச் சொல்லை நீங்கள் எதற்குச் செலவழிக்கப் போகிறீர்கள்? அதற்குப் பதில் கிடைத்தால் பாதிக் கன்வென்ஷன்கள் தானாகக் கழன்றுவிடும்.

அதற்கு முன், 1 நோ டிரம்ப் என்ற ஏலம் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். முதலில், ஒன்றாம் மட்டத்தை முழுக்க விழுங்கிவிடுகிறது. நமக்கு ஐந்து இஸ்பேடு இருந்தாலும் 1 இஸ்பேடு என்று சொல்ல இடமில்லை, 2இல்தான் ஆரம்பிக்க வேண்டும். இரண்டாவது, ஏலத்தைத் திறந்தவரின் கை கிட்டத்தட்ட வெட்ட வெளிச்சம்: சமநிலைக் கை, பெரும்பாலும் 15 முதல் 17 புள்ளி. ஆகவே அவருடைய பார்ட்னருக்கு இரண்டு கைகளின் பலமும் உடனே தெரிந்துவிடும். நாம் உள்ளே நுழைந்தால், டபுள் சொல்லி நம்மைத் தண்டிப்பதா விட்டுவிடுவதா என்று நிதானமாக முடிவெடுக்கிற வசதி அவருக்கு உண்டு. நம் பார்ட்னரோ இருட்டில் இருக்கிறார்.

அப்படியிருந்தும் ஏன் நுழைய வேண்டும்? சீட்டுக்கட்டில் மொத்தம் 40 புள்ளி. திறந்தவரிடம் 15 என்றால் மீதி 25 மூன்று பேருக்குப் பிரியும், ஆளுக்குச் சராசரி 8 சொச்சம். பல போர்டுகளில், அதாவது பங்கீடுகளில், இரண்டு பக்கத்துக்கும் பலத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆனால் ஏலத்தை எடுத்து ஆடுகிற டிக்ளேரர் இரண்டு கைகளையும் பார்த்து ஆடுகிறார், நாம் முதல் சீட்டையே குத்துமதிப்பாகப் போடுகிறோம். சும்மா இருந்தால் அவர்களுக்கு ஸ்கோரில் 90 அல்லது 120 போய்விடும். நாம் 2 ஆட்டினோ 2 இஸ்பேடோ எடுத்தால் 110 நமக்கு.

ஒரு கையைப் பார்ப்போம். என்னிடம் இஸ்பேடில் ஏஸ், ஜாக்கி, 10, 8, 3. ஆட்டினில் ராஜா, ராணி, 9, 7. டைமனில் ஒற்றை 6. கிளாவரில் 8, 5, 4. மொத்தம் 10 புள்ளி. எதிர்ப்பக்கத்து அண்ணனிடம் இஸ்பேடில் ராணி, 4. ஆட்டினில் ஏஸ், 10, 6, 2. டைமனில் ஜாக்கி, 7, 5, 2. கிளாவரில் 9, 7, 3. அவருக்கு 7 புள்ளி. நான் பாஸ் சொல்லிவிட்டுப் பழக்கதோஷத்தில் முதல் சீட்டாக இஸ்பேடு லீட் போட்டால், எதிராளி இஸ்பேடு ராஜாவை முதல் பிடியிலேயே எடுத்துக்கொண்டு நாலு கிளாவர், மூன்று டைமன் என்று வரிசையாக எட்டை எண்ணிவிடுவார். அவர்களுக்கு 120. அதே கையில் நாங்கள் இரண்டு பெரிய ஜாதிகளையும் சொல்லிவிட்டால், 2 ஆட்டினில் மூன்று கிளாவர், ஒரு டைமன், ஒரு இஸ்பேடு கொடுத்து எட்டுப் பிடி எடுக்கலாம், நமக்கு 110. வித்தியாசம் 230, குழு ஆட்டக் கணக்கில் 6 ஐஎம்பி (ஸ்கோர் வித்தியாசத்தைச் சுருக்கிச் சொல்லும் அலகு). எங்களிடம் இருந்த மொத்தப் புள்ளி 17தான். பலத்தால் வந்த லாபமில்லை இது. நாலு ஆட்டினும் நாலு ஆட்டினும் ஒன்றையொன்று கண்டுகொண்டதால் வந்தது.

இப்படிப்பட்ட கைகள் எவ்வளவு அடிக்கடி வரும்? ஐந்தும் நாலுமாக இரண்டு ஜாதி உள்ள கைகளில் 5-4-3-1 அமைப்பு நூற்றுக்கு 12.9, 5-4-2-2 அமைப்பு 10.6. சேர்த்தால் 23.5. ஆறு சீட்டு ஒரே ஜாதியில், வேறு நாலு சீட்டு ஜாதி இல்லாத 6-3-2-2, 6-3-3-1 கைகள் இரண்டும் சேர்ந்தே சுமார் 9தான். அதாவது ஒற்றை ஜாதிக் கை ஒன்று வந்தால் இரட்டை ஜாதிக் கை இரண்டுக்கு மேல் வருகிறது. எதிராளியிடம் சமநிலைக் கை இருப்பதால் இந்த எண்கள் கொஞ்சம் நகரும், ஆனால் விகிதம் தலைகீழாகிவிடாது.

இன்னொரு கணக்கும் உண்டு, இதை நிறையப் பேர் போட்டுப் பார்ப்பதில்லை. நாலு ஜாதியில் இரண்டைத் தேர்ந்தெடுக்க ஆறு வழி. அதில் ஒன்றுதான் இஸ்பேடும் ஆட்டினும். ஒன்று டைமனும் கிளாவரும். மீதி நாலும் ஒரு மேஜரும் (இஸ்பேடு அல்லது ஆட்டின்) ஒரு மைனரும் (டைமன் அல்லது கிளாவர்) கலந்தவை. ஆக, இரட்டை ஜாதிக் கைகளில் மூன்றில் இரண்டு பங்கு கலப்புக் கைகள். அந்தக் கலப்பிலும் பாதியில் மேஜர் ஐந்து, மைனர் நாலு. மறு பாதியில் மைனர் நீளம், மேஜர் வெறும் நாலு. ஒரு கன்வென்ஷனை எடைபோட இதைவிட நல்ல தராசு எனக்குத் தெரியாது.

இப்போது கன்வென்ஷன்களைத் தராசில் வைக்கலாம். அமெரிக்க பிரிட்ஜ் சங்கத்தின் நிர்வாகியாக இருந்த ஆல்வின் லாண்டியின் பெயரில் உள்ளது எளிமையானது: 2 கிளாவர் என்றால் இரண்டு மேஜரும், மற்றதெல்லாம் சொன்னதே அர்த்தம், டபுள் என்றால் தண்டனை. மறக்கவே முடியாது. இழப்பது 2 கிளாவரை மட்டும், அதை யாரும் பெரிதாக ஏங்கப் போவதில்லை. ஆனால் நம் கணக்குப்படி ஆறில் ஒரு பங்குக் கைகளுக்குத்தான் இது உதவும். கலப்புக் கைகளில் ஐந்து சீட்டு மேஜரைச் சொல்லிவிட்டு மைனரை மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

கப்பெல்லெட்டி கிளப்புகளில் பரவலாக ஆடப்படுவது. அமெரிக்காவில் சிலர் இதையே ஹாமில்டன் என்பார்கள், இங்கிலாந்தில் பாட்டேஜ். பெற்றவர் யார் என்ற பஞ்சாயத்து இன்னும் தீரவில்லை. 2 கிளாவர் ஏதோ ஒரு ஒற்றை ஜாதி, 2 டைமன் இரண்டு மேஜர், 2 ஆட்டின் என்றால் ஆட்டினோடு ஒரு மைனர், 2 இஸ்பேடு என்றால் இஸ்பேடோடு ஒரு மைனர், டபுள் தண்டனை. படிக்கும்போது எல்லாக் கைக்கும் ஒரு பெட்டி இருப்பதுபோல அழகாக இருக்கும். நானும் மயங்கியவன்தான். அதன் ஓட்டை 2 கிளாவரில் இருக்கிறது. ஆறு இஸ்பேடு வைத்துக்கொண்டு 2 இஸ்பேடு என்று சொன்னால் எதிராளிக்கு இரண்டாம் மட்டமே பறிபோய்விடும். அதற்குப் பதில் 2 கிளாவர் என்று சொன்னால், அடுத்தவர் டபுள் சொல்லி அதையே ஸ்டேமன் ('நாலு சீட்டு மேஜர் இருக்கிறதா?' என்ற கேள்வி) என்று வைத்துக்கொள்வார், டிரான்ஸ்ஃபர் (ஒரு ஜாதியைச் சொல்லி அடுத்த ஜாதியைக் காட்டுவது) முழுக்க அப்படியே வேலை செய்யும். அவர்களுக்கு ஒரு மயிரிழை நஷ்டமில்லை. நம் பார்ட்னருக்கோ நம் ஜாதி எது என்றே தெரியாது, கையில் நாலு இஸ்பேடு இருந்தாலும் 3 இஸ்பேடு என்று தாவி மறிக்க முடியாது. நம் மிகச் சிறந்த ஆயுதத்தை உறையோடு நீட்டுகிற வேலை.

மார்ட்டி பெர்கனின் டோன்ட் இதற்கு நேர்மாறு. 2 கிளாவர் என்றால் கிளாவரும் அதற்கு மேலே ஏதோ ஒன்றும், 2 டைமன் என்றால் டைமனும் ஒரு மேஜரும், 2 ஆட்டின் என்றால் இரண்டு மேஜர், டபுள் என்றால் ஏதோ ஒரு ஒற்றை ஜாதி. எதிராளியின் நிம்மதியைக் கெடுப்பதுதான் நோக்கம், 'டிஸ்டர்ப் ஆப்பொனன்ட்ஸ் நோ டிரம்ப்' என்பதன் சுருக்கமான பெயரும் அதைத்தான் சொல்கிறது. கலப்புக் கைகள் எல்லாமே உள்ளே வந்துவிடுகின்றன, தாழ்ந்த மட்டத்தில் நிறுத்தவும் முடிகிறது. ஆனால் மைனரை முதலில் சொல்வதால் 2 கிளாவரில் போய் உட்கார்ந்து 90 எடுத்துக்கொண்டிருப்போம், பக்கத்து மேசையில் அதே சீட்டுக்கு 2 இஸ்பேடில் 110 எழுதுவார்கள். எவ்வளவு என்று பார்க்காமல் எத்தனை ஜோடிகளைத் தாண்டினோம் என்று மட்டும் எண்ணும் மேட்ச்பாயிண்ட் ஆட்டத்தில் அந்த 20 புள்ளிக்குத் தனி வலி உண்டு. பெரிய விலை வேறு: தண்டனை டபுள் போய்விட்டது.

அந்த விலை எவ்வளவு என்பது எதிராளி ஆடும் நோ டிரம்ப்பைப் பொறுத்தது. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். என்னிடம் இஸ்பேடில் ஏஸ், 5. ஆட்டினில் ராஜா, ராணி, ஜாக்கி, 9, 4. டைமனில் ஏஸ், ஜாக்கி, 3. கிளாவரில் ராணி, 7, 2. மொத்தம் 17 புள்ளி. எதிராளி பலமான (15-17) நோ டிரம்ப் ஆடுகிறவர், அவரிடம் 16 என்று வைத்துக்கொண்டால் மீதி 7. அண்ணனுக்குச் சராசரி மூன்றரை. எங்கள் பக்கம் 20 சொச்சம், கிட்டத்தட்டச் சரிபாதி. தண்டனை டபுள் இங்கே ஒரு சூதாட்டம். அதே கையோடு, லண்டனில் பிறந்த ஏக்கோல் முறைப்படி பலவீனமான 12-14 நோ டிரம்ப் ஆடுகிறவர் எதிரே உட்கார்ந்தால்? அவரிடம் 13, மீதி 10, அண்ணனுக்கு 5. எங்கள் பக்கம் 22, அதோடு லீட் என் கையில். டபுள் சொல்லி ஆட்டின் ராஜாவைப் போட்டால், ரெட்டில் (தோற்றால் அபராதம் கூடுதலான நிலை) அவர்கள் இரண்டு பிடி விழுந்தால் 500. டோன்ட் ஆடினால் அந்த 500ஐ எடுக்கச் சொல்லே இல்லை, 2 ஆட்டினில் 110க்கு மாரடிக்க வேண்டும். அதைவிட, நமக்கே கேம் (பெரிய போனஸ் தரும் ஏலம்) இருக்கிற கையில் எதிராளி 12 புள்ளியோடு நம்மை வாயடைத்துவிட்டுப் போகிற கொடுமையும் நடக்கும்.

பலவீன நோ டிரம்ப்புக்குத் தண்டனை டபுள் உயிர். பலமான நோ டிரம்ப்புக்கு அது பரணில் கிடக்கும் பாத்திரம், ஆண்டுக்கு ஒரு முறை இறக்கினால் அதிகம். ஆகவே பலமான நோ டிரம்ப்புக்கு எதிராக டபுளை வேறு வேலைக்கு விடுவது நியாயம். ஏற்கெனவே பாஸ் சொன்ன கைக்கும் அப்படித்தான். முதலில் பாஸ் சொன்னவர் திடீரென்று 16 புள்ளி வைத்திருக்க முடியாது. நாலாவது இடத்தில், அதாவது 1 நோ டிரம்ப்புக்குப் பிறகு இரண்டு பாஸ் வந்து நம் முறை வரும்போது, இன்னொரு நுணுக்கம் உண்டு: லீட் நம்முடையது இல்லை, பார்ட்னருடையது. கையில் ஓடுகிற ஜாதியை நம்பி டபுள் சொன்னால், அவர் வேறெதையோ போட்டுத் தொலைக்கலாம்.

டபுளுக்கு நான் பார்த்த சிறந்த வேலை கிட் வுல்சி கொடுத்தது. பேக்கேமன் ஆட்டத்திலும் பேர் பெற்றவர் என்பதால் நிகழ்தகவோடு பழகிய மூளை என்று நினைக்கிறேன். அவர் முறையில் டபுள் என்றால் நாலு சீட்டு மேஜரும் அதைவிட நீளமான மைனரும். 2 கிளாவர் இரண்டு மேஜர், லாண்டிபோலவே. 2 டைமன் என்றால் ஏதோ ஒரு மேஜரில் ஆறு சீட்டு. 2 ஆட்டின், 2 இஸ்பேடு என்றால் அந்த மேஜரில் ஐந்து, கூடவே ஒரு மைனர் நாலு. மேலே போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள்: கலப்புக் கைகளின் இரண்டு பாதிக்கும் தனித்தனி வாசல். டபுளுக்குப் பிறகு பார்ட்னர் 2 கிளாவர் என்றால் 'உன் மைனரில் நிறுத்து', 2 டைமன் என்றால் 'உன் மேஜர் எது?'. மைனர் மட்டும் ஆறு சீட்டு உள்ள கைக்கு இரண்டாம் மட்டத்தில் இடமில்லை என்பது குறை. பாஸ் சொல்லுங்கள், அல்லது தைரியமிருந்தால் மூன்றாம் மட்டத்துக்குப் போங்கள். 2 டைமனிலும் கப்பெல்லெட்டியின் நோய் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. ஆனால் அங்கே இரண்டில் ஒன்று என்று பார்ட்னருக்குத் தெரியும், நாலில் ஒன்று என்ற திண்டாட்டம் இல்லை.

எவ்வளவு துணிச்சலாக நுழைவது என்பது கன்வென்ஷன் சொல்லித் தருவதில்லை, ஸ்கோர் முறை சொல்லித் தரும். மேட்ச்பாயிண்ட்டில், ஒயிட்டில் (அபராதம் குறைவான நிலை) 50 விட்டுக்கொடுத்து எதிராளியின் 90ஐத் தடுத்தால் அறை முழுவதையும் தாண்டிவிடலாம். குழு ஆட்டத்தில் அதே 40 புள்ளிக்கு 1 ஐஎம்பிதான். ரெட்டில் டபுள் வாங்கி இரண்டு பிடி விழுந்தால் 500, பக்கத்து மேசையில் 90 என்றால் 9 ஐஎம்பி காலி. டபுளே இல்லாமல் ரெட்டில் இரண்டு விழுந்தாலும் 200, மேட்ச்பாயிண்ட்டில் அது முட்டை.

ஞாபகம் என்ற பிரச்சினைக்கு வருகிறேன். கப்பெல்லெட்டியை எடுத்துக்கொண்ட மூன்றாவது வாரம். எங்கள் பக்கம் ரெட். வலப்பக்கத்தவர் 1 நோ டிரம்ப் திறந்தார். என்னிடம் டைமனில் ஏஸ், ராணி, ஜாக்கி, 9, 6, 3. ஆசையாக 2 டைமன் அட்டையை எடுத்து வைத்தேன். இதற்கு வேறு அர்த்தம் உண்டு என்று எதிராளியை எச்சரிக்கும் அலர்ட்டை அண்ணன் உடனே காட்டினார். எதிராளி கேட்க, "ரெண்டு மேஜரும் இருக்கு" என்று விளக்கினார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவர் சொன்னதுதான் எங்கள் ஒப்பந்தம், தப்பு என்னுடையது. அண்ணன் மூன்று இஸ்பேடை வைத்துக்கொண்டு 2 இஸ்பேடு என்றார்.

இப்போது நான் 3 டைமன் என்று சொல்லித் தப்பிக்கலாமா? கூடாது. என் தவற்றை எனக்கு ஞாபகப்படுத்தியது அண்ணனின் விளக்கம். பார்ட்னரின் விளக்கத்திலிருந்து கிடைத்த தகவலைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2017 பதிப்பு விதிகளில் 16ஆம் விதி. அந்த விளக்கத்தைக் கேட்கவே இல்லை என்று வைத்துக்கொண்டுதான் நான் ஏலம் சொல்ல வேண்டும். கேட்கவில்லை என்றால், 2 டைமனுக்கு மேல் 2 இஸ்பேடு சொல்கிற அண்ணனிடம் சொந்தமாக நல்ல இஸ்பேடு இருக்கிறது என்றுதான் நினைத்திருப்பேன். இரண்டு சீட்டு இஸ்பேடோடு பாஸ் சொன்னேன். மூன்றும் இரண்டும் ஐந்து துருப்பு, எதிராளியிடம் எட்டு. மூன்று பிடி விழுந்து 300. முடிந்ததும் அண்ணன் என் கையை வாங்கிப் பார்த்துவிட்டு, "டைமன் நல்லா இருக்கே தம்பி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. கோப்பிக் கடைக்குப் போய் எனக்கும் சேர்த்துக் கோப்பி ஓ சொன்னார். அந்த மௌனத்தை என்னால் மறக்க முடியவில்லை.

இந்த மாதிரி விபத்து ஒன்று நடந்தால், ஒரு கன்வென்ஷன் மூன்று மாதத்தில் சேர்த்துக் கொடுத்த சில்லறை லாபமெல்லாம் ஒரே போர்டில் போய்விடும். ஆகவே வாரத்துக்கு ஒரு நாள் ஆடுகிற ஜோடிக்கு நான் முதலில் லாண்டியைத்தான் சொல்வேன். தினமும் ஆடுகிற ஜோடி என்ன வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.

நாங்கள் கடைசியில் வுல்சியோடு ஒட்டிக்கொண்டது வேறொரு காரணத்துக்காக. வுல்சியின் முறையில் டபுளை மட்டும் தண்டனைக்குத் திருப்பிவிட்டால் அதற்கு மல்டி-லாண்டி என்று பெயர். 2 கிளாவரிலிருந்து 2 இஸ்பேடு வரை எல்லாம் அதேதான். பலமான நோ டிரம்ப்புக்கு ஒன்று, பலவீனத்துக்கு ஒன்று என்று இரண்டு பாடம் படிக்கத் தேவையில்லை. ஒரே பாடம், அதில் ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் இரண்டு அர்த்தம். எதிராளியின் கீழ் எல்லை 14 அல்லது அதற்கு மேல் என்றால் டபுள் நாலு சீட்டு மேஜரும் நீள மைனரும். 13 அல்லது கீழே என்றால் டபுள் தண்டனை. எங்கள் ஒப்பந்தங்களை எழுதி வைக்கும் கார்டில் இதற்கு ஒன்றரை வரிதான் ஆனது.

ஒவ்வொரு சுற்றிலும் புது ஜோடி வந்து உட்காரும்போது, சீட்டைப் போர்டிலிருந்து எடுப்பதற்கு முன்னால் அண்ணன் அவர்களுடைய கார்டைத் திருப்பி நோ டிரம்ப் எத்தனை என்று பார்ப்பார். போன வியாழக்கிழமை வந்த ஜோடி 13-15 என்று எழுதியிருந்தார்கள். அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொன்னார்: "இவங்ககிட்ட டபுள் நெசம் தம்பி."